க்ரூகருக்கு ஜீப் எதற்கு?

க்ரூகர் வனவிலங்குப் பூங்காவைப் பார்க்கப் போனவர்களிடமிருந்து மறுபடியும் அதே போன், ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தின் வாடகைக் கார் கவுன்ட்டரிலிருந்து. ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் பதிவாகிவிட்டது, வாடகையும் கட்டியாயிற்று, சாவி மட்டும் தரமாட்டேன் என்கிறார்கள். ஓட்டப்போவது கணவர், நீட்டிய கிரெடிட் கார்டு மனைவியுடையது. ஓட்டுபவர் பெயரில்தான் கார்டு இருக்க வேண்டும், டெபாசிட்டைப் பிடித்து வைக்கும் அளவுக்கு அதில் லிமிட்டும் வேண்டும். டெபிட் கார்டைப் பல கவுன்ட்டர்களில் ஏற்பதில்லை. வண்டி பெரிதானால் டெபாசிட்டும் பெரிது. அந்த வண்டியே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆப்பிரிக்கா என்றாலே சேறும் மணலும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போட்ஸ்வானாவின் மோரேமி வனவிலங்குக் காப்பகத்துக்கு ஜீப் கட்டாயம். மணலில் கார் புதைந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா அப்படியல்ல. உள்ளே பயணிகள் தங்கும் முகாம்களை இணைக்கும் ‘எச்’ சாலைகள் பெரும்பாலும் தார். ‘எஸ்’ சாலைகள் சரளை. அவற்றிலும் சின்ன கார் ஓடும். பெருமழை பெய்தால் சரளைச் சாலைகளை மூடிவிடுவார்கள், ஜீப்புக்கும் சேர்த்துத்தான். சாலையை விட்டு இறங்க யாருக்கும் அனுமதியில்லை. வேக வரம்பு தாரில் 50, சரளையில் 40. பிறகு நான்கு சக்கர இழுவையை எங்கே பயன்படுத்துவீர்கள்? உயரமாக உட்கார்ந்தால் புல்லுக்கு மேலே தெரியும் என்ற வாதம் மட்டும் நியாயம். அதற்கு ஜூலை, ஆகஸ்டில் போங்கள். புல் காய்ந்து படுத்திருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், கொசுவும் குறைவு. மலேரியா மாத்திரைக்கு டாக்டரை முன்கூட்டியே பாருங்கள்.

சின்ன கார் எடுத்து மிச்சமாகும் பணத்தில் முதலில் நல்ல காப்பீடு எடுங்கள். “இன்சூரன்ஸ் உட்பட” என்ற வரியை நம்பாதீர்கள். அடிப்படைக் காப்பீட்டில் சேதத்தின் முதல் பெருந்தொகை உங்கள் தலையில்தான் விழும். அதற்குப் பெயர் எக்ஸஸ். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் அதில் அடங்காது. சரளையில் அடிவாங்குவதோ இவைதான். முன்வண்டியின் டயர் தெறிக்கவிட்ட கல்லால் கண்ணாடியில் மிளகளவு பொட்டு விழுந்திருக்கும், அதற்கு முழுக் கண்ணாடியின் விலை பில்லில் வரும். எக்ஸஸ் இல்லாத திட்டமாக எடுங்கள், டயரும் கண்ணாடியும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போதே சுற்றிலும் வீடியோ. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது, பூங்காவுக்குள்ளேயே தங்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை முகாம் கதவு காலை 4.30-க்குத் திறக்கும், பூங்காவின் வெளிக்கேட் 5.30-க்குத்தான். குளிர்காலத்தில் இரண்டுமே 6 மணி என்றாலும், வெளியே தங்கியவர் கேட் வரிசையில் நிற்கும்போது உள்ளே இருப்பவர் சிங்கத்தைப் பார்த்திருப்பார். கட்டில் போட்ட கூடாரம், பொதுக் கழிப்பறையுள்ள குடிசை இரண்டும் மலிவு. 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம். சமையலறை உண்டு, அரிசி பருப்பை வழியிலுள்ள மொம்பேலா நகரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் வராண்டாவில் இருந்தால் கதவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், குரங்கு திறந்துவிடும்.

எல்லோரும் மறப்பது பூங்கா வசூலிக்கும் இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம். தலைக்கு, நாளுக்கு என்று கணக்கு. அறை வாடகையில் சேராது. வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் இந்தக் கட்டணத்துக்குப் பதிலான ஆண்டு அட்டை, வைல்ட் கார்டு, லாபமா என்று கணக்குப் போடுங்கள். பெட்ரோல் பயமுறுத்தாது: ஜோகன்னஸ்பர்க் போக வர 850 கிலோமீட்டர், உள்ளே ஐந்து நாளில் 750. சின்ன காருக்கு 115 லிட்டர் போதும். வழியில் என்-4 சாலையின் டோலுக்கு அந்நாட்டுப் பணமான ராண்ட் கையில் இருக்கட்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ.வில் எடுத்துவிடுங்கள், 1,000 ரூபாய்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காலை 10 மணிக்கு இறங்கி அன்றிரவே ஸ்குகூசா முகாமில் தூங்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். கார் கைக்கு வர நண்பகல் ஆகும். பூங்காவின் ஃபாபேனி கேட்டுக்கு ஐந்து மணி நேரம், அங்கிருந்து முகாமுக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஜூலையில் மாலை 5.30-க்கு முகாமின் கேட் மூடிவிடும். குழந்தைகளை வைத்துக்கொண்டு இருட்டில் அறை தேட வேண்டாம். முதல் இரவை மொம்பேலாவில் கழியுங்கள்.