நிறத்துக்கு நிறம் மாறும் கோளின் அளவு

வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளின் விட்டம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், "எந்த நிறத்தில் பார்க்கும்போது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் அந்தத் தொலைதூரக் கோள்களின் காற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

இந்தப் புறக்கோள்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றை யாரும் நேரில் பார்த்ததில்லை. விண்மீனின் வெளிச்சத்தில் அவை அமுங்கிப்போகின்றன. ஒரு கோளின் பாதை நம் பார்வைக்கு நேராக அமைந்திருந்தால், சுற்றுக்கு ஒருமுறை அது விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே போகும். அப்போது விண்மீனின் ஒளி கொஞ்சம் குறையும். எவ்வளவு குறைகிறது என்று அளந்தால் கோளின் அளவு கிடைத்துவிடும். வியாழன் அளவுள்ள கோள் சூரியனைப் போன்ற விண்மீனை மறைத்தால் சுமார் 1 சதவீத ஒளி குறையும். பூமி அளவுள்ள கோள் என்றால் 10,000-ல் ஒரு பங்குகூட வராது.

சரி, அந்தக் கோளுக்கு ஒரு வளிமண்டலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடக்கும் நேரத்தில் அது கோளின் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாக இருக்கும். விண்மீனின் ஒளியில் ஒரு துளி அந்த வளையத்துக்குள் புகுந்து நம்மிடம் வருகிறது. உள்ளே சோடியம் இருந்தால் 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியை அது விழுங்கிவிடும். அந்த மஞ்சளில் பார்க்கும்போது வளையமும் இருண்டு கோளோடு சேர்ந்துகொள்வதால் கோள் சற்றுப் பெரிதாகத் தெரியும். பக்கத்து நிறத்துக்கு நகர்ந்தால் வளையம் தெளிந்து கோள் சிறுத்துவிடும். இப்படி ஒவ்வொரு அலைநீளத்திலும் கோளின் அளவைக் குறித்து வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். நீராவி, மீத்தேன், கார்பன் டை ஆக்ஸைடு என்று ஒவ்வொன்றுக்கும் மேடு வரும் இடம் தனித்தனி.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் டேவிட் ஷார்போனோவும் அவருடைய குழுவினரும். எச்டி 209458 பி என்ற கோள் 3.5 நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனைக் கடக்கிறது என்று 1999-ல் தெரியவந்தது. அதை ஹப்பிள் தொலைநோக்கியால் கவனித்து, சோடியம் இருப்பதை 2002-ல் வெளியிட்டார்கள். மஞ்சளில் கூடுதலாகக் குறைந்த ஒளி 10,000-ல் ஏறக்குறைய 2 பங்கு. இவ்வளவு சிறிய வித்தியாசத்தை நம்பி, அது ஓர் உலகத்தின் காற்று என்று சொல்ல எத்தனை முறை சரிபார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அந்தக் கோள் முதலில் அகப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. பூமியில் சுமார் 8 கிலோமீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஆயிரம் டிகிரி சூட்டில், பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆன காற்றில் அதே அளவு இறங்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். சூடும் லேசான வாயுவும் சேர்ந்து காற்றை உப்பவைக்கின்றன. அதனால்தான் வெந்து கிடக்கும் ராட்சதக் கோள்களைப் பற்றி நிறையத் தெரிகிறது, பூமி போன்றவற்றைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிகிறது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்தபின் அகச்சிவப்பு ஒளியிலும் இந்த அளவீடு மிகத் துல்லியமாகிவிட்டது. 700 ஒளியாண்டு தொலைவில் உள்ள வாஸ்ப்-39 பி கோளில் கார்பன் டை ஆக்ஸைடு இருப்பது 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 4.3 மைக்ரான் (4,300 நானோமீட்டர்) அலைநீளத்தில் எழும்பி நிற்கும் அந்த மேட்டை வரைபடத்தில் யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்திலேயே 4.05 மைக்ரானில் இன்னொரு சிறு மேடு இருந்தது. அது கந்தக டை ஆக்ஸைடு. விண்மீனின் ஒளி பட்டு வேதிவினை நடந்தால்தான் அங்கே அது உருவாகும். வேறொரு விண்மீனின் கோளில் ஒளியால் நடக்கும் வேதியியலைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

எல்லாக் கோளும் இப்படி ஒத்துழைப்பதில்லை. ஜிஜே 1214 பி கோளை ஹப்பிள் 15 முறை கடக்கும்போது கவனித்தும், கோடு தட்டையாகவே வந்தது. உயரத்தில் மேகமோ புகைமூட்டமோ மூடியிருந்தால் எல்லா நிறமும் ஒரே உயரத்தில் தடுக்கப்பட்டுவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை விண்மீனிடமிருந்து வருகிறது. சூரியப் புள்ளிகளின் குளிர்ந்த நடுப்பகுதியில்கூட நீராவி உண்டு. சூரியனைவிடக் குளிர்ந்த சிவப்புக் குறுவிண்மீன்களில் புள்ளிகள் இன்னும் அதிகம். கோள் புள்ளியில்லாத பகுதியைக் கடந்துபோனால், விண்மீனின் நீராவித் தடம் கோளின் காற்றில் இருப்பதுபோலவே தெரியும். வாயுக்களே ஒன்றையொன்று மறைப்பதும் உண்டு. கே2-18 பி கோளில் நீராவி என்று 2019-ல் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. 2023-ல் ஜேம்ஸ் வெப் பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தவை மீத்தேனும் கார்பன் டை ஆக்ஸைடும். ஹப்பிள் பார்த்த அலைநீளத்தில் நீராவியின் மேடும் மீத்தேனின் மேடும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று விழும். அப்புறம் 2025-ல் அதே கோளில் உயிர்த்தடம் இருக்கலாம் என்று ஒரு குழு சொன்னது. அதே தரவை எடுத்துப் பார்த்த வேறு குழுக்களுக்கு அது போதுமான வலுவோடு தெரியவில்லை. இந்தச் சரிபார்ப்புகளுக்கும் முதல் செய்திக்குக் கிடைத்த அளவு கவனம் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பூமி போன்ற கோளின் காற்றைப் பார்க்க என்ன வழி? சூரியனுக்கு முன்னால் பூமியின் காற்று உண்டாக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒரு பங்குதான். விண்மீன் சிறியதாக இருந்தால் இது கூடும். 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1, வியாழனைவிடச் சற்றே பெரிய விண்மீன். சூரியனின் விட்டத்தில் 12 சதவீதம்தான். அங்கே அதே காற்றின் தடம் சுமார் 70 மடங்கு பெரிதாகிவிடும். பூமியை ஒத்த அளவுள்ள ஏழு கோள்கள் அதைச் சுற்றுகின்றன. எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் பி கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது எவ்வளவு வெப்ப ஒளி குறைகிறது என்று பார்த்ததில், அதன் பகல்பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ் என்று 2023-ல் தெரிந்தது. சூட்டை இரவுப் பக்கத்துக்குக் கடத்தக் காற்று எதுவும் இல்லாமல் பாறை வெறுமனே கிடந்தால் எவ்வளவு சூடு வருமோ, அவ்வளவு.

இந்த வெற்றுப் பாறை இப்போது வேறொரு வேலைக்கு உதவுகிறது. திரவ நீர் இருக்கக்கூடிய தூரத்தில் சுற்றும் இ கோள் 6.1 நாளுக்கு ஒருமுறை கடக்கிறது. சில தடவை பி, இ இரண்டும் சில மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்துக் கடக்கும். பி-யிடம் காற்று இல்லையென்றால், அதன் கோட்டில் தெரியும் மேடுபள்ளம் எல்லாம் விண்மீனுடையவை. அதை இ கோளின் கோட்டிலிருந்து கழித்துவிடலாம். ஜேம்ஸ் வெப்பைக் கொண்டு இந்தக் கடப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.