அசெலாயிக் அமிலம்: பெயரும் பொருளும் பூசும் முறையும்

முகத்தில் படரும் கருந்திட்டை நாம் மங்கு என்போம், கன்னடத்தில் பங்கு என்பார்கள். பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர் மருந்துக் கடைகளில் எந்தச் சொல்லால் கேட்டாலும் புரியும். குழப்பம் அதற்குப் பூசும் கிரீம் டியூப்பின் மேல் அச்சடித்த அசெலாயிக் அமிலம் என்ற பெயரில்தான் தொடங்குகிறது.

அசெலாயிக் என்பது இரண்டு துண்டுகள் ஒட்டிய சொல். ‘அசோட்’ என்பது நைட்ரஜனுக்குப் பிரெஞ்சில் வழங்கும் பெயர். அதன் கிரேக்க வேருக்கு ‘உயிரற்றது’ என்று பொருள். ‘எலாயோன்’ கிரேக்கத்தில் ஆலிவ் எண்ணெய். நைட்ரிக் அமிலத்தால் எண்ணெயைச் சிதைத்துப் பெற்றதால் இந்தப் பெயர். மூலக்கூறில் நைட்ரஜன் கிடையாது: ஒன்பது கரி அணுக்கள் கொண்ட சங்கிலி, இரு முனையிலும் அமிலத் தொகுதி. ஆமணக்கெண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், கோதுமையிலும் பார்லியிலும் இயற்கையாகவே உண்டு.

இது மருந்தானதற்குக் காரணம் தேமல். தேமல் பூஞ்சை படர்ந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று 1970களில் இத்தாலிய ஆய்வாளர்கள் தேடினார்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அமிலங்களில் இதுவும் ஒன்று. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் நொதியை இது தடுக்கிறது. அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறமிச் செல்களையே பெரிதும் பாதிக்கிறது. சுற்றியுள்ள தோல் வெளுப்பதில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

தமிழில் ‘ஒன்பது கரி ஈரமிலம்’ என்று கட்டமைப்பைச் சொல்லலாம். கடையில் அது உதவாது. அசெலாயிக் அமிலம் என்றே வைத்துக்கொள்வது நல்லது. தமிழில் துல்லியம் வேண்டியது நோயின் பெயருக்குத்தான். மங்கு, பரு ஆறியபின் நிற்கும் கருங்கறை இரண்டுக்கும் இது பயன்படும். பரு விட்ட வடு பெரும்பாலும் பள்ளம். அதை எந்த நிறநீக்கியும் நிரப்பாது. தேமல் மேல் பூச வேண்டாம், அதற்குப் பூஞ்சைக்கொல்லி வேண்டும்.

10% கிரீமில் தொடங்கலாம். 15%, 20% மருத்துவர் சொல்லி. இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்தபின், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுதும் மெல்லப் பரப்புங்கள். ஈரத் தோலில் எரிச்சல் கூடும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும். சுருக்சுருக்கென்ற அரிப்பு சில வாரங்களில் அடங்கும். சிவந்து உரிந்தால் நிறுத்தி மாய்ஸ்சரைசர் மட்டும் போடுங்கள். பழகும்வரை அதே இரவில் ரெட்டினாலோ கிளைகாலிக் அமிலமோ சேர்க்க வேண்டாம். இது நீரில் எளிதில் கரையாது, அதனால் சில கிரீம்கள் நறநறக்கும். காயுமுன் மேலே வேறொன்று பூசினால் உருண்டு வரும். பத்து நிமிடம் விடுங்கள்.

பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், மங்குக்கு ஆறு மாதம்கூட. பெங்களூரில் பலர் தோற்பது சன்ஸ்கிரீனில்தான். ஊர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். குளிர்ந்த காற்றில் வெயில் உறைக்காது, புற ஊதாக் கதிர் மட்டும் குறையாது. எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீனின் காப்பு அளவு) 30க்கு மேல் வேண்டும். மங்குக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துச் சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும்.

வேகமாகப் போகும் என்று கடையில் மூன்று மருந்து கலந்த கிரீம் நீட்டினால், உறையில் மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறதா பாருங்கள். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவந்துவிடும்; நிறுத்தியதும் கருமையும் திரும்பும்.