லாரியில் ஏறினால் வாய் மூடும் கைப்பேசி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அத்தை வீட்டுக்குப் போனபோது, தேத்தண்ணி கொடுத்த கையோடு கைப்பேசியையும் நீட்டினார். "லாரியில ஏறினா இது அடிக்கவே மாட்டேங்குது தம்பி. மண்டோர் மூணு தடவை கூப்பிட்டிருக்காரு." அத்தைக்குச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை; மண்டோர் அங்கே மேற்பார்வையாளர்.

போன் கெடவில்லை. அத்தைதான் லாரி ஓட்டுகிறார் என்று நினைத்து, ஓட்டுபவரின் கவனம் சிதறக்கூடாதென்று அது அழைப்பை அடக்கிவிட்டது!

போனுக்குள் அசைவை அளக்கும் முடுக்கமானி என்றொரு சில்லு இருக்கிறது. அதில் மயிரிழையைவிட மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் ஒரு சின்னஞ்சிறு எடை தொங்குகிறது. போன் அசைந்தால் எடை பின்தங்கும், பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனான மின்தேக்குதிறனும் மாறும். அந்த மாற்றம்தான் எண்ணாகிறது. மேசைமேல் சும்மா கிடக்கும்போதும் புவியீர்ப்பினால் 9.8 (மீட்டர்/நொடி²) என்று காட்டும். நடந்தால் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு ஏற்ற இறக்கம். வண்டியில் போனால் இன்ஜினின் பொடி நடுக்கம். அதோடு ஜிபிஎஸ் சொல்லும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, 'வண்டியில் போகிறார்' என்று போன் முடிவுகட்டுகிறது.

செம்பனை மட்டைகளுக்கு அடியில் ஜிபிஎஸ்ஸும் தடுமாறும். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் நலிந்த சிக்னலை ஈர ஓலைகள் இன்னும் மங்கவைக்கின்றன. அப்போது போன் கோபுரத்தை வைத்து இடத்தைக் கணிக்கும். தோட்டப்புறத்தில் கோபுரங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் பிசகு பெரிதாகிறது.

சூழலைப் பார்த்து நடந்துகொள்ளும் கருவி புதிதல்ல. 1990களின் தொடக்கத்திலேயே கேம்பிரிட்ஜின் ஒலிவெட்டி ஆய்வகத்தில் ஊழியர்கள் ஒரு பேட்ஜ் அணிந்தார்கள். 15 நொடிக்கு ஒருமுறை அது அகச்சிவப்புக் குறி அனுப்பும். ஆள் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்து, அழைப்பை அங்கேயே திருப்பிவிட முடிந்தது. 1994இல் ஷிலிட், தைமர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இவ்வகைக் கணினிக்குச் 'சூழலறிவு' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பேட்ஜ் கேட்டது ஒரே கேள்வி: எந்த அறை? அத்தையின் போனோ அவர் என்ன செய்கிறார் என்றே ஊகிக்கிறது. ஓட்டுநர் இருக்கையும் லாரியின் பின்புறமும் ஒரே மாதிரிதான் குலுங்கும். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதை நான் மன்னிப்பேன். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவரிடம், ஏன் அடங்கினேன் என்று மூலையில் ஒரு சின்னப் படத்தை மட்டும் காட்டிவிட்டு இருந்துவிடுகிறதே, அதை ஏற்க முடியவில்லை. 'நீங்களா ஓட்டுகிறீர்கள்?' என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி என்று போனின் அமைப்புகளுக்குள் (settings) போய், அந்தத் தானியங்கி அமைதியை நிறுத்தினேன். மறுநாள் விடியலில் லாரி கிளம்பியதும் கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். இன்ஜின் இரைச்சலுக்கு மேலே, "கேக்குது தம்பி, கேக்குது!" என்று கத்தினார்.