நொதித்தலா, நாட்படுத்தலா?

சுங்கானில் (பைப்பில்) அடைத்துப் பிடிக்கும் புகையிலையைப் போத்தலில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைப்பதை ‘நொதிக்க வைத்தல்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கோலாலம்பூர் ஈரக்காற்றில் இந்தச் சொல்லை நம்பிக் காரியத்தில் இறங்கினால் மிஞ்சுவது பூஞ்சணம்தான்.

ஆங்கிலத்தில் ஏஜிங் என்பார்கள், செல்லரிங் என்றும் சொல்வார்கள். முன்னது வயதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது; பின்னது நிலவறையிலிருந்து. இவற்றை ‘வயதாக்கல்’, ‘நிலவறையிடல்’ என்று பெயர்ப்பவர்களும் உண்டு. செந்தூல் அடுக்குமாடியில் நிலவறைக்கு எங்கே போவது?

‘நொதித்தல்’தான் ஆபத்து, அறிவியல் வேடம் போட்டு வருவதால். அந்தச் சொல்லைக் கேட்டதும் தோசை மாவும் கள்ளும் டுரியான் பழத்தைப் புளிக்கவைத்த தெம்போயாவும்தானே நினைவுக்கு வரும்? ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, இலையில் தண்ணீர் தெளித்து அடுப்பங்கரை வெக்கையில் வைத்துவிடுவார்கள். உண்மையான நொதிப்பு பெரும்பாலும் இலை கடைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் லூசியானாவில் பெரிக் என்ற புகையிலை ரகத்தை மரப்பீப்பாயில் அழுத்தி வைக்கிறார்களே, அது நொதித்தல். பறித்த இலையைப் பதத்துக்குக் கொண்டுவருவது ‘பாடம் போடுதல்’. போத்தலுக்குள் நடப்பது மூன்றாவது காரியம்: காரம் தணிந்து, மணங்கள் மெல்ல ஒன்றோடொன்று கலப்பது. நுண்ணுயிருக்கு அதில் பங்கு இருந்தாலும் நமக்கு அதில் வேலை இல்லை, காத்திருப்பதைத் தவிர. அந்தக் காத்திருப்பு சொல்லில் தெரிய வேண்டாமா?

புறநானூறு 392ஆம் பாட்டில் ஔவையார், தேள் கொட்டியதுபோல் கடுக்கும் ‘நாட்படு தேறல்’ என்கிறார். நாள் பட்டதால் வீரியம் ஏறிய கள். அங்கிருந்து ‘நாட்படுத்தல்’ என்று எடுத்துக்கொள்ளலாம். ‘நாட்பட்ட நோய்’ ஞாபகம் வருகிறதே என்பார்கள். வரட்டும், கள்ளுக்கு ஆகிவந்த சொல் புகையிலைக்கு ஆகாதா? ‘முதிர்த்தல்’ மோசமில்லை. ஆனால் முதிர்ந்தது என்றால் முடிந்தது என்று பொருள், வங்கியில் போட்ட வைப்புத்தொகை மாதிரி. இதற்கு அப்படி ஒரு கெடு கிடையாது.

இனி கைவேலை. ரப்பர் வளையமுள்ள மூடியோடு 250 மி.லி. கண்ணாடிப் போத்தல், சுமார் 50 கிராம் பிடிக்கும். வெந்நீரில் கழுவி, பொட்டு ஈரமில்லாமல் காயவிட வேண்டும். கிள்ளிப் பார்த்தால் இலை நொறுங்காமல் வளைய வேண்டும், விரலில் பிசுபிசுக்கக் கூடாது. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தொடும். இலை அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் ஏர்கான் அறையில் வைத்து அடைப்பது நல்லது. மூடியில் தேதி எழுதி, இருட்டான அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பகலில் வெயிலும் இரவில் ஏர்கானும் மாறி மாறிப் படும் இடத்தில் வைத்தால் உட்சுவரில் நீர் கோக்கும். பிளாஸ்டிக் பையில் மணம் நிற்காது. தகர டப்பா கடற்காற்றில் துருவேறி ஊசித்துளை விழும், இலை சருகாகிவிடும்.

ரகத்துக்கு ரகம் பலன் மாறும். வெர்ஜினியாப் புகையிலை நாட்பட நாட்பட மென்மையாகும். புகையூட்டிப் பாடம் போட்ட லத்தாக்கியா ரகத்தின் புகைமணம் மங்கிவிடும். வாசனை ஏற்றிய ரகங்களை வைத்துக் காப்பதில் பெரிய லாபமில்லை.

இலைமேல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உற்றுப் பாருங்கள். மினுங்கும் படிகமானால் பயமில்லை. பஞ்சுபோல் படர்ந்து, ஈரத்துணி நாற்றம் அடித்தால் போத்தலோடு குப்பைக்குப் போக வேண்டியதுதான். ‘நன்றாக நொதித்திருக்கிறது’ என்று அதைச் சுங்கானில் அடைக்காதீர்கள்.