இடைமுகம்: சொல் விளக்கம்

இன்டர்ஃபேஸ் என்பதற்கு நாம் இன்று வழங்கும் தமிழ்ச்சொல் இடைமுகம். மனிதரும் மென்பொருளும் சந்திக்கும் இடத்தை அது குறிக்கிறது. பொத்தான், பட்டியல், நிரப்பவேண்டிய கட்டம், பிழைச்செய்தி, இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை எல்லாம் அதில் அடக்கம். திரையின் நிறத்தையும் அழகையும் கவனிப்பவர்கள் வரிசையை மறந்துவிடுகிறார்கள். பயன்படுத்துபவரின் தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

'இடையே' என்னும் பொருள் தரும் இலத்தீன் முன்னொட்டோடு 'ஃபேஸ்' சேர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலுக்காகப் பிறந்த ஆங்கிலச் சொல் இது. எண்ணெயும் நீரும் தொட்டுக்கொண்டு நிற்கும் பரப்பு போன்றவற்றுக்கு அது பெயர். கணினியுலகில் அது 1960களில் பரவியது.

இடைமுகம் உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்த்த சொல்தான். ஆனாலும் தமிழில் அது இயல்பாக நிற்கிறது. கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கெடிலம் ஆறு வங்கக்கடலில் கலக்கும் இடம் கழிமுகம். படகு கரைசேரும் இடம் துறைமுகம். கடலூர் துறைமுகம் சந்திப்பு என்று நம் ரயில் நிலையத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. (முகம் தமிழா வடமொழியா என்ற வழக்கு தனியாக உண்டு, இங்கே அது வேண்டாம்.) கழிமுகத்தில் ஓதம் ஏறினால் உவர்நீர் ஆற்றுக்குள் வரும், வெள்ளம் வந்தால் ஆற்றுநீர் கடலுக்குள் போகும். மென்பொருளும் வேலை செய்பவரும் அப்படி ஒருவருக்கொருவர் இடம் கொடுக்கும்போதுதான் இடைமுகம் என்ற பெயர் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

கடலூர் முதுநகர்ப் பக்கத்து மீன் ஏலத்தை எடுத்துக்கொள்வோம். கூடை இறங்குகிறது, கேள்வி ஏறுகிறது, படிந்த விலையை நோட்டில் குறித்துக்கொண்டு கணக்கெழுதுபவர் அடுத்த கூடைக்குப் போகிறார். வாங்கியவர் தினமும் வருகிற ஆள் என்றால் பெயரின் முதலெழுத்தே போதும். பணக்கணக்கு பிறகு. இதற்குச் செயலி எழுதுபவர், முழுப்பெயரும் கைபேசி எண்ணும் பணம் செலுத்தும் முறையும் நிரப்பினால்தான் விலையை எழுதவே முடியும் என்று அமைத்தால், ஈரக்கையோடு நிற்பவர் நோட்டுக்கே திரும்பிவிடுவார். அவரைக் கணினி தெரியாதவர் என்று சொல்வது அநியாயம். விலையை முதலில் வாங்கிக்கொண்டு மற்றதை ஏலம் முடிந்தபின் கேட்கலாமே. அதை அறிய, எழுதுபவர் ஒரு விடியற்காலையாவது ஏலத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்துச் செய்தவர்களும் உண்டு. 1979இல் வெளிவந்த விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள், கணக்கர்கள் தாளில் போடும் நிரை, நிரல் கட்டங்களையே திரைக்குக் கொண்டுவந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவற்றை அழித்தழித்து எழுதும் தொல்லையை மட்டும் கணினி ஏற்றுக்கொண்டது. ஸ்காண்டிநேவியாவில் 1981இல் தொடங்கிய உட்டோப்பியா திட்டத்தில், கணினி ஆய்வாளர்கள் செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து, அவர்களுக்கான கணினிக் கருவிகளை முதலில் அட்டைப்பெட்டியால் மாதிரிகளாகச் செய்து பார்த்தார்கள். நம்மிடமும் சான்று உண்டு: 1999இல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்திய பிறகும், விரல் பழகிய தட்டச்சர்களுக்காகப் பழைய தட்டச்சு அமைப்பு மென்பொருள்களில் தொடர்ந்து இடம்பெற்றது. நல்ல முடிவு அது.

இனிச் சொல்வழக்கு. 'இடைமுகப்பு' என்று எழுதுவோரும் உண்டு. முகப்பு கட்டடத்தின் முன்பக்கம்; இணையதளத்தின் முதல் பக்கத்துக்கும் அதே சொல்லை வழங்குகிறோம். ஆகவே குழப்பமில்லாத இடைமுகத்தையே நான் பரிந்துரைக்கிறேன். யூசர் இன்டர்ஃபேஸ், பயனர் இடைமுகம். படங்களும் சின்னங்களும் கொண்டது வரைகலை இடைமுகம். கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்குவது கட்டளைவரி இடைமுகம். இரண்டு நிரல்கள் (புரோகிராம்கள்) தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஏபிஐ என்பதை நிரல் இடைமுகம் எனலாம்.