பனி மேலிருந்து இறங்குவதில்லை: மொட்டை மாடியில் ஒரு குளிர்காலப் பாடம்

சென்னை ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: "ஐந்தாம் வகுப்புக்குக் குளிர்காலம் நடத்த வேண்டும். படத்தில் பனிமனிதனும் கம்பளிக் கையுறையும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளோ டிசம்பரிலும் ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறார்கள். எதைக் காட்டி நடத்துவது?"

நியாயமான கேள்வி. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். அதுவும் நூறு ஆண்டுகளுக்கு முன்னால். ஆனாலும் சென்னைக்கென்று ஒரு குளிர்காலம் உண்டு. அதைப் பிள்ளைகளே அளந்து பார்க்கலாம்.

சூரியனின் பங்கு எளிது. 1 மீட்டர் குச்சியை வெயிலில் நட்டு, டிசம்பர் 21 அன்று பகல் 12:07 வாக்கில் நிழலை அளந்தால் சுமார் 74 செ.மீ. இருக்கும். மார்ச் 21 அன்று 12:16 வாக்கில் அளந்தால் 23 செ.மீ.தான். வெயில் சாய்வாக விழும்போது அதே ஒளி கூடுதல் பரப்பில் பரவுகிறது, அதனால் தரை குறைவாகச் சூடாகிறது. குச்சி நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். சூரியன் பக்கமாகவோ எதிர்ப்பக்கமாகவோ 2 டிகிரி சாய்ந்தால் அளவு 3 செ.மீ.க்கு மேல் பிசகும்.

பிள்ளைகளை உண்மையில் வியக்க வைப்பது பனித்துளிதான். மார்கழிக் காலையில் பைக் சீட் நனைந்திருக்கும். வேப்பமரத்தடியில் நின்ற பைக் காய்ந்திருக்கும். இரண்டையும் சூழ்ந்திருந்தது ஒரே காற்று. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

எல்லாப் பொருள்களும் இரவு பகலாகக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. 22 டிகிரியில் இருக்கும் ஒரு பரப்பு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 430 வாட் இழக்கிறது. மேலே மரக்கிளை இருந்தால், அதுவும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில் இருப்பதால், இழந்த அளவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தெளிந்த வானம் அவ்வளவு தருவதில்லை. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களைக் காற்று பெரிதும் தடுக்காது. அந்த வழியே வெப்பம் விண்வெளிக்கே போய்விடுகிறது. இப்படி வரவைவிடச் செலவு மிஞ்சுவதால் சீட் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. பனிநிலை வெப்பநிலைக்குக் (காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கீழே போனதும் அதைத் தொட்டிருக்கும் காற்றின் நீராவி அதன்மேலேயே துளியாகிறது. வானத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் கம்பளிப் பஞ்சைப் பலகைக்கு மேலும் கீழும் வைத்து எடைபோட்டு இதை ஆராய்ந்து 1814இல் நூலாக வெளியிட்டார்.

இதை அரையாண்டு விடுமுறைக்கு வீட்டு வேலையாகக் கொடுக்கலாம். ஏ4 அளவில் நான்கு கருப்பு பிளாஸ்டிக் தாள்கள் வேண்டும். மூன்றை 2 அங்குல தெர்மாகோல் மேல் ஒட்டுங்கள். ஒன்று திறந்த மொட்டை மாடியில், ஒன்று விரித்த குடைக்கு அடியில்; மூன்றாவதன் மேல் பளபளப்பான எவர்சில்வர் தட்டு. நான்காவது தாளை வெறும் தளத்தில் விரியுங்கள். இரவு 7 மணிக்கு வைத்து, காலை 6 மணிக்கு, சூரியன் வருமுன் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி டிஷ்யூவால் துடைத்து, ஜிப் கவரில் போட்டு, 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். காய்ந்த டிஷ்யூ, கவர் எடையை முதல் நாளே குறித்திருக்க வேண்டும். 0.05 மி.மீ. தடிமனுக்கு நீர் படிந்தாலே ஒரு ஏ4 தாளில் 3 கிராம் சேரும்.

நல்ல இரவில் திறந்த தாள் மட்டும் நன்றாக நனையும். தளத்தில் விரித்தது பெரும்பாலும் காய்ந்தே இருக்கும், பகலில் சூடான கான்கிரீட் விடியும்வரை அதற்கு வெப்பம் ஊட்டுகிறது. எவர்சில்வர் தட்டு நனையாதது பலருக்கும் புதிராக இருக்கும். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிர்களை மிகக் குறைவாகவே வெளிவிடும், ஆகவே அது அவ்வளவாகக் குளிராது. சோதனையைத் தட்டை மட்டும் வைத்துச் செய்தால் "பனியே இல்லை" என்று தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

பால்கனியில் வைக்காதீர்கள், மேல்மாடித் தளம் வானத்தை மறைத்துவிடும். மேகமும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, காற்றசைவு இல்லாத தெளிந்த இரவுகளே ஏற்றவை. காற்று வீசினால் அது தாளுக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பனிநிலை வெப்பநிலையைச் சமையலறையிலேயே காணலாம். கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி, ஐஸைச் சிறு துண்டுகளாகப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீரின் வெப்பநிலையை வெளிப்புறம் மங்கும்போது ஒருமுறையும், ஐஸை எடுத்துவிட்டபின் மங்கல் மறையும்போது ஒருமுறையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டின் சராசரியே விடை. ஐஸை மொத்தமாகக் கொட்டினால் வெப்பநிலை சரேலென்று இறங்கி அளவு தப்பும். குனிந்து பார்க்கும் பிள்ளையின் மூச்சுக்காற்றும் டம்ளரை மங்கச் செய்யும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இவ்வளவு குறைந்த வெப்பநிலையைக் காட்டாது. ஆய்வகச் சாராய வெப்பமானியே வேண்டும். வகுப்புக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கும் பள்ளிகள் அதற்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு வெப்பமானி வாங்கித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"பனி தலையில் இறங்கினால் சளி பிடிக்கும்" என்று பாட்டி சொல்வதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். சளி வைரஸால் வருகிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். மங்கி குல்லா செய்வது வேறு வேலை: குடை தாளுக்குச் செய்ததைத் தலைக்குச் செய்கிறது. அதை உறுதிசெய்ய, குடைக்கு அடியிலுள்ள தாளிலும் திறந்த தாளிலும் தாளுக்கொரு வெப்பமானியை வைத்து, இரவு 9 மணிக்கு இரண்டையும் குறித்து வரச் சொல்லலாம்.