ஹைப்பர்வைசர்: சொல் எங்க இருந்து வந்துச்சு, தமிழ்ல என்ன சொல்லலாம்

சர்வர் விர்ச்சுவலைசேஷன் பத்தி தமிழ்ல எழுத உக்காந்தா முதல் வரியிலேயே வந்து வழிய மறிக்கிற சொல் ஹைப்பர்வைசர். ஒரே சர்வர்ல பல ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒண்ணோட ஒண்ணு மோதிக்காம, ஒவ்வொண்ணும் இந்த மெஷின் முழுக்க எனக்குத்தான்னு நம்பிக்கிட்டே ஓடற மாதிரி பாத்துக்கிற சாஃப்ட்வேருக்குத்தான் இந்தப் பேர். சிபியூ நேரத்தை பிரிச்சுக் குடுக்கும், மெமரியை பங்கு போடும், டிஸ்க்கும் நெட்வொர்க் கார்டும் ஆளுக்கொண்ணு தனியா இருக்கிறதா காட்டும். விஎம்வேர் கம்பெனியோட ஈஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-வி, லினக்ஸோட வர்ற கேவிஎம், ஜென் எல்லாம் இந்த வகைதான் (கேவிஎம்மை வெச்சு ஓடற பேக்கேஜ்தான் ப்ராக்ஸ்மாக்ஸ்). "விஎம்வேர் போட்டாச்சு", "ப்ராக்ஸ்மாக்ஸ் ஏத்தியாச்சு"ன்னு பேச்சுல சொல்லிட்டுப் போயிடறோம், ஆனா அதுல ஹைப்பர்வைசர் எது, அதை நிர்வாகம் பண்ற கன்சோல் எதுன்னு கேட்டா நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிப்பாங்க.

இந்தச் சொல் புரியணும்னா முதல்ல சூப்பர்வைசர் புரியணும். வேலையாட்களை பாத்துக்கிற சூப்பர்வைசர் இல்ல. 1960-கள்ல ஐபிஎம் மெயின்ஃப்ரேம் உலகத்துல ஆபரேட்டிங் சிஸ்டத்தோட நடு மையத்தை, இப்போ நாம கெர்னல்னு சொல்றோமே அதை, சூப்பர்வைசர்னுதான் கூப்பிட்டாங்க. 1964-ல ஐபிஎம் அறிவிச்ச சிஸ்டம்/360 மெஷின்ல ப்ராசஸருக்கு ரெண்டு நிலை உண்டு, ஒண்ணு சூப்பர்வைசர் நிலை, இன்னொண்ணு ப்ராப்ளம் நிலை. நாம எழுதற ப்ரோக்ராம் எல்லாம் ப்ராப்ளம் நிலையில ஓடும் (பேரே சரியாத்தான் வெச்சிருக்காங்க). டிஸ்க்கை தொடணும், டேப்பை ஓட்டணும்னா ப்ரோக்ராம் நேரா போய் தொட முடியாது, எஸ்விசின்னு ஒரு கட்டளை, அதாவது சூப்பர்வைசர் கால், அதைப் போட்டு மேல கேக்கணும்.

அப்புறம் ஒரு தேவை வந்துச்சு. ஒரே மெஷின்ல 360-ஓட ஆபரேட்டிங் சிஸ்டமும் ஓடணும், ஐபிஎம்மோட இன்னும் பழைய மெஷினுக்கு எழுதின ப்ரோக்ராம்களும் எமுலேட்டர் வழியா, அதாவது புது மெஷினை பழைய மெஷின் மாதிரி நடிக்க வெச்சு, பக்கத்துலயே ஓடணும். மாடல் 65 மெஷின்ல இதைச் செய்ய, சூப்பர்வைசருக்கும் மேல இருந்து பாத்துக்க ஒண்ணு தேவைப்பட்டுச்சு, சூப்பருக்கு மேல என்ன இருக்குன்னு பாத்தா ஹைப்பர், வெச்சாங்க பேரு. 1970-க்கு கொஞ்சம் முன்ன பின்ன நடந்த கதை இது. சுவாரசியம் என்னன்னா, இன்னைக்கு நாம விர்ச்சுவல் மெஷின்னு சொல்றதை முதல்ல ஒழுங்கா ஓட்டிக் காட்டினவங்க இந்தப் பேரை வைக்கவே இல்ல. மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ்ல இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்துல செஞ்ச சிபி-40 1967-லயே ஓட ஆரம்பிச்சிடுச்சு, அதுல சிபின்னா வெறும் கன்ட்ரோல் ப்ரோக்ராம். அது வளர்ந்து சிபி-67 ஆகி, 1972-ல விஎம்/370-ஆ வெளிவந்துச்சு. 1974-ல போபெக்கும் கோல்ட்பர்கும் எழுதின புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையிலயும் விர்ச்சுவல் மெஷின் மானிட்டர்னுதான் இருக்கு. அந்தப் பேர் நிலைக்காம போனது ஒரு வகையில நல்லதுதான், மானிட்டர்னா இப்போ எல்லாருக்கும் கண்ணு முன்னாடி இருக்கிற ஸ்க்ரீன்தானே ஞாபகம் வரும்.

சொல்லைப் பிரிச்சுப் பாத்தா ஹைப்பர் கிரேக்கம், சூப்பர் லத்தீன், ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தான், மேல. வைசர்ங்கிற வால் பாக்கிறதுங்கிற லத்தீன் வேர்ல இருந்து வந்தது. ஆக சூப்பர்வைசரும் ஹைப்பர்வைசரும் அகராதிப்படி ஒண்ணே, மேல இருந்து பாக்கிறவர். மொழி மாறினதால மட்டும் ஒரு படி ஏறிடுச்சு. நம்ம இலக்கணத்துல ஒருபொருட்பன்மொழின்னு படிச்சிருப்போம், அதுக்கு குடுக்கிற பழைய உதாரணம் மீமிசை ஞாயிறு. மீ-ன்னாலும் மேல, மிசை-ன்னாலும் மேல. ஐபிஎம்காரங்க செஞ்சதும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா அவங்க அந்த ரெண்டு மேலையும் வெச்சு ரெண்டு தனித்தனி பதவி உண்டாக்கிட்டாங்க.

இங்கதான் இன்ஸ்டால் பண்றவங்க தடுமாறுற விஷயம் வருது. பேர்ல மேலன்னு இருக்கு, ஆனா எந்த படத்தை எடுத்துப் பாத்தாலும் ஹைப்பர்வைசர் அடியில இருக்கு! கீழ ஹார்டுவேர், அதுக்கு மேல ஹைப்பர்வைசர், அதுக்கும் மேல விஎம்கள், அதாவது விர்ச்சுவல் மெஷின்கள். அப்போ எது மேல? மேலிடம்னு சொன்னா நாம மாடியைத் தேடறதில்ல, மேலதிகாரின்னா மேல் மாடியில உக்காந்திருக்கிறவர்னு நினைக்கிறதில்ல. அந்த மேல்தான் இது, அதிகாரத்துல மேல், அடுக்குல கீழ. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஹார்டுவேருக்கும் நடுவுல உக்காந்தாத்தான் அதை அதிகாரம் பண்ண முடியும். ஏஆர்எம் ப்ராசஸர்கள்ல இது அப்பட்டமா தெரியும், அப்ளிகேஷனுக்கு நிலை 0, கெர்னலுக்கு நிலை 1, ஹைப்பர்வைசருக்கு நிலை 2, அப்ளிகேஷன் கெர்னலை கூப்பிட எஸ்விசி, கெர்னல் ஹைப்பர்வைசரை கூப்பிட எச்விசி. அறுபது வருஷத்துக்கு முன்னாடி வெச்ச எஸ்விசிங்கிற பேர் இன்னும் பாக்கெட்டுக்குள்ள இருக்கிற ஃபோன்ல ஓடிட்டு இருக்கு.

இது புரியாம ஈஎஸ்எக்ஸ்ஐ-ஓட ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்க்கோட நகல் ஃபைல்) டவுன்லோட் பண்ணி விண்டோஸ்க்குள்ள டபுள் கிளிக் பண்ணி செட்டப் ஃபைல் எங்கன்னு தேடறவங்க உண்டு. அது விண்டோஸ் மேல ஏறாது, டிஸ்க்கை மொத்தமா எடுத்துக்கிட்டு மெஷினோட முதல் சாஃப்ட்வேரா உக்காரும், டிஸ்க்ல பழசு எதாவது இருந்தா போயே போச்சு. இதை வகை 1-ன்னு சொல்றாங்க. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன், விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஏற்கனவே இருக்கிற விண்டோஸ், லினக்ஸ் மேல ஒரு அப்ளிகேஷனா ஏறுறது வகை 2. இந்த பாகுபாடு 1970-கள்ல மேல சொன்ன அதே கோல்ட்பர்க் போட்டது. ஹைப்பர்-வி இதுல கண்ணைக் கட்டற ஆசாமி. விண்டோஸ் சர்வருக்குள்ள போய் ஒரு ரோலை டிக் பண்ணி ரீஸ்டார்ட் பண்றோம், பாத்தா விண்டோஸ் மேல ஏதோ சேத்த மாதிரிதான் இருக்கும், ஆனா ரீஸ்டார்ட் ஆகி வரும்போது ஹைப்பர்வைசர் அடியில நுழைஞ்சு உக்காந்திருக்கும், நம்ம விண்டோஸே அதுக்கு மேல ஒரு பார்டிஷனா (டிஸ்க் பார்டிஷன் இல்ல, விஎம் மாதிரி ஒரு தனிப் பகுதி) ஓடும், மத்த விஎம்களை விட சலுகை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதனால அது வகை 1. கேவிஎம் வேற மாதிரி, 2007-ல லினக்ஸ் கெர்னலோட 2.6.20 பதிப்புல சேந்தது, கெர்னலையே ஹைப்பர்வைசரா மாத்திடுது, இது எந்த வகைன்னு சண்டை போடறவங்க போடட்டும்.

எதை ஏத்தறதா இருந்தாலும் முதல்ல பயாஸ்ல இன்டெல்னா விடி-எக்ஸ், ஏஎம்டின்னா எஸ்விஎம் ஆன் ஆகி இருக்கான்னு பாத்துக்கணும். சாதாரண பிசி ப்ராசஸர்கள் மேல சொன்ன மேற்பார்வைக்கு ரொம்ப நாள் ஒத்து வரல, சில கட்டளைகள் மேல கேக்காமலே நைசா ஓடிடும். 1999-ல விஎம்வேர் அந்தக் கட்டளைகளை ஓடறப்பவே மாத்தி எழுதி சமாளிச்சது, 2005-ல இன்டெல்லும் 2006-ல ஏஎம்டியும் ப்ராசஸருக்குள்ளயே வசதி வெச்சாங்க, அதுதான் இந்த விடி-எக்ஸும் எஸ்விஎம்மும்.

சரி, தமிழுக்கு வருவோம். முதல்ல விர்ச்சுவல். பள்ளிக்கூட இயற்பியல்ல கண்ணாடியில தெரியிற உருவத்தை மாய பிம்பம்னு படிச்சோம், அங்க விர்ச்சுவல்னா மாய. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட இங்கிலீஷ் பேர் தமிழ் விர்ச்சுவல் அகாடமி, அங்க விர்ச்சுவல்னா இணைய. கணினிக்கு இந்த ரெண்டும் பொருந்தாது. இணையமே இல்லாம பூட்டின ரூம்ல விஎம் ஓடும். மாயம்னா இல்லாததை இருக்கிறதா காட்டறது, ஆனா விஎம்ல ஓடற டேட்டாபேஸ் உண்மையிலேயே கணக்கு போடுது, டிஸ்க்ல உண்மையாவே எழுதுது, அழிஞ்சா உண்மையாவே அழுகை வரும். விர்ச்சுவலோட மூல அர்த்தமும் வடிவத்துல இல்லாட்டியும் பலன்ல இருக்கிறதுன்னுதான். அதுக்கு மெய்நிகர்ங்கிற சொல் அளவெடுத்து தெச்ச மாதிரி இருக்கு, மெய்க்கு நிகர், மெய் இல்ல ஆனா மெய்க்கு சமம். விர்ச்சுவலைசேஷன் மெய்நிகராக்கம், விர்ச்சுவல் மெஷின் மெய்நிகர் பொறி. ஏற்கனவே புழக்கத்துல வந்துட்ட சொற்கள், இதுல புதுசா யோசிக்க ஒண்ணும் இல்ல.

ஹைப்பர்வைசர்தான் கஷ்டம். சூப்பர்வைசருக்கு மேற்பார்வையாளர் இருக்கு, சூப்பருக்கு மேல், வைசருக்கு பார்வை, உறுப்புக்கு உறுப்பு அப்படியே. அதுக்கு முன்னாடி ஒரு மீ போட்டு மீமேற்பார்வையாளர்னு வெச்சா அர்த்தம் சரி, வாய்ல நுழையாது. அதோட ஆளர்னு முடியிறது மனுஷனுக்கு, சாஃப்ட்வேருக்கு இல்ல. கணினி, செயலி, உலாவி (பிரவுசர்), வழங்கி (சர்வர்)ன்னு கருவிப் பேரை எல்லாம் இ-ல முடிக்கிறதுதான் இப்போ வழக்கமா இருக்கு.

இ-ல முடியிற, பாக்கிறதையே வேரா வெச்ச, சூப்பர்வைசர்ங்கிற பொருள் உள்ள பழைய சொல் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு, கண்காணி. பேச்சுல கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துலயும் மலாயா ரப்பர் தோட்டத்துலயும் ஆள் சேத்து வேலை வாங்கினவர், இங்கிலீஷ் அகராதியிலயே ஏறின சொல். அதுலயும் இலங்கையில அடுக்கு இருந்துச்சு, சின்னக் கூட்டத்தை மேய்க்கிறவர் சில்லறைக் கங்காணி, அந்தக் கங்காணிகளுக்கு எல்லாம் மேல பெரிய கங்காணி. ஹைப்பர்வைசருக்கு இதை விட துல்லியமா ஒரு மொழிபெயர்ப்பு எங்க தேடினாலும் கிடைக்காது! ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் தன் ப்ரோக்ராம்களை மேய்க்கிற சில்லறைக் கங்காணி, அவங்களை எல்லாம் சேத்து மேய்க்கிறது பெரிய கங்காணி. ஆனா கடனும் அடியும் சேந்த பேர் அது, அந்தத் தோட்டத்து வழி வந்தவங்க படிக்கிற எடத்துல அதை விளையாட்டா சாஃப்ட்வேருக்கு வைக்க எனக்கு மனசு வரல. பேச்சு வடிவத்தை விட்டுட்டு கண்காணிங்கிற எழுத்து வடிவத்தை எடுத்தா அந்த கசப்பு குறையுது, கண்காணிப்பு கேமரான்னு தினம் சொல்ற சொல்தானே.

அதுக்கு முன்னாடி மீ. இந்த மீ பாவம் நிறைய சுமக்குது, அல்ட்ராசவுண்டுக்கு மீயொலி, சூப்பர் கம்ப்யூட்டருக்கு மீத்திறன் கணினி, ஹைப்பர்டெக்ஸ்ட்டுக்கு மீயுரைன்னு மூணு வேற வேற முன்னொட்டுக்கும் அதுவேதான். பரவால்ல, நமக்கு வேணும்ங்கிறது மேலங்கிற பொருள் மட்டும்தான். ஆக என் ஓட்டு மீகண்காணிக்கு. க் போட்டு மீக்கண்காணின்னு எழுதணுமான்னு கேப்பீங்க, மீகண்ணும் இருக்கு மீக்கூற்றும் இருக்கு, இலக்கணம் ரெண்டுக்கும் எடம் குடுக்குது, எனக்கு க் இல்லாதது படிக்க லேசா இருக்கு. பேசும்போது ஹைப்பர்வைசர்னே சொல்லுங்க, யாரும் அடிக்க வரமாட்டாங்க. தமிழ்ல கையேடு எழுதறப்போ, பாடம் எழுதறப்போ மீகண்காணின்னு போட்டு முதல் தடவை மட்டும் ஹைப்பர்வைசர்னு பக்கத்துல குறிச்சா போதும்.

கடைசியா கன்சோல். பிரெஞ்சுல இது சுவத்துல இருந்து நீட்டிக்கிட்டு பலகையைத் தாங்கற தாங்கிக்கட்டை, அப்புறம் ஆர்கன் வாத்தியத்தோட கட்டைகள் இருக்கிற மேடை, அங்க இருந்து மெஷினை இயக்கற மேடை. சர்வர்காரங்க வாய்ல இது மூணு பொருள்ல வரும், அதான் வினை. ஈஎஸ்எக்ஸ்ஐ ஏத்தினதும் சர்வர்ல நேரா மாட்டின ஸ்க்ரீன்ல மஞ்சளும் சாம்பலுமா ஒண்ணு வரும், எஃப்2 அழுத்தி ஐபி அட்ரஸ், பாஸ்வேர்டு மாத்தற எடம், அது ஒரு கன்சோல். ஒரு விஎம்முக்குள்ள என்ன ஓடுதுன்னு பாக்க தொறக்கிற ஜன்னல் இன்னொரு கன்சோல். எல்லா சர்வரையும் ஒரே எடத்துல இருந்து நிர்வாகம் பண்ற, விஎம்வேரோட விசென்டர் மாதிரியானது மூணாவது, மேனேஜ்மென்ட் கன்சோல். முதல் ரெண்டுக்கும் திரைன்னே சொல்லிடலாம், வழங்கித் திரை, பொறித் திரை. மூணாவதுக்கு மேலாண்மைப் பலகம்.

ப்ராக்ஸ்மாக்ஸ்ல இந்தப் பலகம் கூடவே வந்துடும், இன்ஸ்டால் முடிஞ்சதும் பிரவுசர்ல ஐபி அட்ரஸும் 8006 போர்ட்டும் போட்டா தொறந்துக்கும், சர்ட்டிஃபிகேட் சரியில்லன்னு பிரவுசர் பயமுறுத்தும், அது எதிர்பாத்ததுதான். விசென்டர் தனியா ஏத்தணும், அதுவும் அது நிர்வாகம் பண்ணப் போற அதே ஈஎஸ்எக்ஸ்ஐ மேல ஒரு விஎம்மாவே ஏத்தறதுதான் வழக்கம். ரெண்டு கட்டமா நடக்கும், முதல்ல விஎம் உருவாகும், அடுத்து உள்ள சர்வீஸ் எல்லாம் செட்டப் ஆகும். டிஎன்எஸ்ல பேரைக் குடுத்தா ஐபி வரணும், ஐபியைக் குடுத்தா பேரும் வரணும், நேரமும் ஒத்துப் போகணும், இதுல ஒண்ணு பிசகினாலும் ரெண்டாவது கட்டம் பாதியில படுத்துக்கும்.

மீகண்காணி வேற, பலகம் வேறங்கிறது எதாவது கெட்டுப் போறப்பதான் நல்லா உறைக்கும். விசென்டர் விழுந்தா விஎம்கள் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், ஒரு சர்வர்ல இருந்து இன்னொண்ணுக்கு ஓடிட்டு இருக்கிற விஎம்மை நகத்தறது மாதிரி வேலைகள்தான் நிக்கும். ஈஎஸ்எக்ஸ்ஐ விழுந்தா அதுல இருந்த அத்தனை விஎம்மும் சேந்து விழும். அதனால வேலையை அடுத்தவங்க கையில குடுக்கறப்போ விஎம்வேர் போட்டாச்சுன்னு மொட்டையா எழுதாம, "மூணு வழங்கியிலயும் மீகண்காணி ஏத்தியாச்சு, மேலாண்மைப் பலகம் இன்னும் ஏத்தல"ன்னு எழுதினா, படிக்கிறவருக்கு இப்பவே விஎம் உருவாக்கலாம், ஆனா ஓடற விஎம்மை நகத்தப் பலகம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்ங்கிறது அந்த ஒரு வரியிலேயே தெரிஞ்சிடும்.